அறுபத்தைந்து விநாடி

கடலில் மாட்டிக்கொண்டவர்கள் எல்லோரும் என்னிடம்தான் கத்துவார்கள். துறைமுகத்து மீட்பு நிலையத்தில் ரேடியோ மேசை என்னுடையது. கத்துவதில் எனக்கு வருத்தமில்லை. உயிர் பயத்தில் கத்தாமல் பாட்டா பாடுவார்கள்? இருக்கிற இடத்தை ஆளுக்கொரு விதமாகச் சொல்லி என் உயிரை எடுப்பார்கள், அதுதான் எரிச்சல்.

விஷயம் ஒன்றும் பெரிதில்லை. பூமியைக் குறுக்கும் நெடுக்குமாக டிகிரியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒரு டிகிரிக்கு அறுபது நிமிடம். கடிகாரத்து நிமிடம் இல்லை, இடத்தைக் குறிக்கிற நிமிடம். இதுவரைக்கும் எல்லோரும் ஒத்துப்போவார்கள். அந்த நிமிடத்துக்கு உள்ளே போனதும்தான் குடும்பம் இரண்டாகிறது. நிலம் அளக்கிறவர்கள் நிமிடத்தை மறுபடியும் அறுபதாக வெட்டி, விநாடி என்பார்கள். கடலில் போகிற நாங்கள் அதே நிமிடத்தை நூறாக வெட்டி, புள்ளி வைத்துச் சொல்வோம். போனில் வரைபடம் பார்க்கிறவர்களோ நிமிடம் விநாடி இரண்டையும் கடாசிவிட்டு, டிகிரிக்குப் பின்னால் ரயில் மாதிரி எண்களை நீட்டுவார்கள். நாள் முழுக்க ஒன்றை இன்னொன்றாக மாற்றுவதுதான் என் பிழைப்பு. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் என்று நிலையத்தில் ஒரு பேச்சு உண்டு. சொல்கிறவர்கள் என் நாற்காலியில் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்கட்டும்.

என் அண்ணன் விநாடிக் கட்சி. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெறும் வரை நில அளவையாளன். முக்காலியில் கருவியை நிறுத்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, விநாடி விநாடியாக நிலத்தை அளந்தவன். அவன் வெளியில் அளந்து அனுப்புகிற எண்களை அலுவலகத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டுச் சரிபார்த்தவர்தான் அண்ணி. அப்படித்தான் கல்யாணமே நடந்தது. அண்ணியை அந்த அலுவலகத்தில் கால்குலேட்டர் என்றுதான் கூப்பிடுவார்களாம். அறுபதால் வகுப்பதும் பெருக்குவதும் அவருக்கு மூச்சு விடுகிற மாதிரி. அவர் போட்ட கணக்கு தப்பாகி நான் பார்த்ததில்லை, பார்த்தவர் யாரும் இல்லை.

ஓய்வு பெற்றதும் அண்ணன் ஒரு சின்னப் படகு வாங்கினான். மீனா பிடிக்கிறான் என்றால் அதுவும் இல்லை. போவான், மோட்டாரை நிறுத்துவான், கையடக்க ஜி.பி.எஸ். கருவியைப் பார்ப்பான், தான் நிற்கிற இடத்தை அண்ணிக்குச் செய்தியாக அனுப்புவான். அதுவும் எப்படி? பழைய பட்டன் போனில் நாலே நாலு எண், நடுவில் இடைவெளி. டிகிரியை விட்டுவிடுவான். அதில் தப்பில்லை, எங்கள் வளைகுடா மொத்தமும் ஒரே டிகிரிக்குள் அடங்கிவிடும் என்பதால் இங்கே யாருமே டிகிரியைச் சொல்வதில்லை. ஆனால் விநாடியை மட்டும் விடமாட்டான்.

"எங்க படகு மெஷின்ல செகண்டே கெடையாதுண்ணா. நிமிஷம், அப்புறம் புள்ளி. அவ்வளவுதான். நாளைக்கே உனக்கு ஒண்ணுன்னா நான் உன் செகண்டை வெச்சிக்கிட்டு என்ன பண்றது?" என்று அவனை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருக்கிறேன்.

"உன் அண்ணி மாத்திக் குடுப்பா" என்பான். அண்ணி உள்ளேயிருந்து, "ஆமா, எனக்கு வேற வேலை என்ன" என்பார். சலிப்பு மாதிரி இருக்கும். உண்மையில் பெருமை.

அன்று காலையில் நான் வேலைக்கு வந்தபோது கடல் தெரிந்தது. தேநீர் குடித்து முடிப்பதற்குள் பனிமூட்டம் இறங்கி, ஜன்னலுக்கு வெளியே இருந்த கொடிக்கம்பம்கூடக் காணாமல் போனது. குளிர்காலம் முடிகிற நேரத்தில் இப்படித்தான் வரும். எல்லாப் படகுகளையும் கூப்பிட்டுக் கரைக்கு வரச் சொல்லிக்கொண்டிருந்தேன். கதவு படாரென்று திறந்தது. அண்ணி நின்றார். வீட்டில் போடுகிற ரப்பர் செருப்பு, மேலே ஒன்றும் போர்த்தவில்லை. எங்கள் நிலையத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு ஏற்றம் உண்டு. அதை அவர் ஓடியே வந்திருக்கிறார்.

"உங்க அண்ணன் படகுல தண்ணி ஏறுதாம். மோட்டாரும் போச்சாம். ரேடியோவும் நனைஞ்சிடுச்சு போல, எனக்குத்தான் செய்தி வந்திருக்கு." மூச்சு வாங்கியது. ஆனால் எண்களைச் சொல்லும்போது மட்டும் குரல் ஆடவில்லை. "நாப்பத்திரண்டு புள்ளி தொண்ணூத்திரண்டு. பதினஞ்சு புள்ளி எழுபத்தஞ்சு. வர்ற வழியிலேயே உங்களுக்கு ஏத்த மாதிரி மாத்திட்டேன்டி, அப்படியே அனுப்பு."

அப்படியே அனுப்பினேன். அண்ணி சொன்ன எண்ணைத் திரும்பக் கேட்கவே தோன்றவில்லை. வேறு யாராக இருந்தாலும் போனைப் பிடுங்கிப் பார்த்திருப்பேன்.

மீட்புப் படகில் இருந்தவர் எங்கள் கேப்டன். முசுடு என்று நான் வைத்த பேர். ஒரு வார்த்தை பேசுவதற்குள் இரண்டு தடவை யோசிப்பார். ஆனால் கடலில் அவரை மாதிரி ஆள் கிடையாது. "போறேன். ஓவர்" என்றார். படகின் சத்தம் பனிக்குள் போய் மறைந்தது.

காத்திருப்பதைப் போல ஒரு கொடுமை இல்லை. அண்ணனுடைய போனைக் கூப்பிட்டால் எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் சாவகாசமாகச் சொன்னாள். அங்கே எப்போதுமே அப்படித்தான், பேச்சு போகாது, செய்திதான் எப்போதாவது நழுவி வந்து சேரும். அண்ணி என் பக்கத்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். என் ஸ்வெட்டரைக் கழற்றி அவர் மேல் போட்டேன். அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

"லைஃப் ஜாக்கெட் போட்டிருக்காரு" என்றார் திடீரென்று. "காலைல நான்தான் வாரைக் கட்டிவிட்டேன். இறுக்கமா இருக்குன்னு திட்டினாரு."

"அப்புறம் என்ன அண்ணி. வந்துடுவான். வந்து மறுபடியும் திட்டுவான்."

"திட்டட்டும்டி. நாள் பூரா உக்காந்து திட்டட்டும்."

ரேடியோ கரகரத்தது. "சொன்ன இடத்துல இருக்கேன். ஒண்ணும் இல்லை. ஓவர்."

அண்ணியைப் பார்க்காமல், சுற்றித் தேடச் சொன்னேன். தேடினார். நான்கு பக்கமும் சதுரமாகப் போய்ப் போய், ஒவ்வொரு திருப்பத்திலும் இஞ்சினை நிறுத்தி, ஹாரன் அடித்து, காதைத் தீட்டிக் கேட்டிருக்கிறார். படகின் முனையில் நிற்கிற ஆளின் முகமே அவருக்குத் தெரியாத பனி. பக்கத்தில் போனால்தான் கண்ணில் படும். அதற்குத்தான் இடம் சரியாக வேண்டும் என்று நான் ஊரெல்லாம் கத்துவது.

இரண்டாவது தடவையும் ஒண்ணும் இல்லை என்றார். மூன்றாவது தடவை அவர் பேசவே தயங்கினார். தண்ணீரின் குளிர் எனக்குத் தெரியும். அதில் மனிதன் எவ்வளவு நேரம் தாங்குவான் என்பதற்கு என் மேசைக்கு மேலே ஒரு அட்டவணை தொங்குகிறது. அண்ணி கண்ணில் அது பட்டுவிடக் கூடாதே என்று நாற்காலியை நகர்த்தி மறைத்து உட்கார்ந்தேன்.

அப்போதுதான் அண்ணியின் போன் சிணுங்கியது. அவர் படித்தார். முகத்தில் ரத்தமே இல்லாமல் போனது.

"என்ன அண்ணி? என்னன்னு சொல்லுங்க!"

"புத்தி தடுமாறிடுச்சுடி" என்றார். "அவ்வளவுதான். உங்க அண்ணன் போயிட்டிருக்காரு."

"என்ன உளர்றீங்க? குடுங்க இங்க!"

கொடுக்கவில்லை. படித்துச் சொன்னார். "நாப்பத்திரண்டு, அறுபத்தஞ்சு. அறுபத்தஞ்சு செகண்டு! எங்கேயாவது உண்டா? அறுபது ஆனா அடுத்த நிமிஷம். நாப்பத்திமூணு அஞ்சுன்னு எழுதணும். வேலைக்கு வந்த முதல் நாள் கத்துக்குறது அது. காய்ச்சல்ல கெடந்தப்பகூட அவரு அப்படி எழுதினது இல்லடி. குளிர்ல மூளை கலங்கினா வாய்க்கு வந்ததைச் சொல்லுவாங்கன்னு நீதானே சொல்லியிருக்கே?"

சொல்லியிருக்கிறேன். எத்தனையோ பேரை ரேடியோவில் கேட்டிருக்கிறேன். முதலில் தெளிவாகப் பேசுவார்கள், பிறகு வார்த்தை குழறும், பிறகு சம்பந்தமில்லாமல் என்னவோ சொல்வார்கள், பிறகு ஒன்றும் இருக்காது. ஆனாலும் இத்தனை வருடப் பழக்கம் கையை நீட்ட வைத்தது. போனைப் பிடுங்கியே விட்டேன்.

42 65 15 50 என்று இருந்தது. வேறு ஒரு வார்த்தையும் இல்லை. மேலே தள்ளி முதல் செய்தியைப் பார்த்தேன். தண்ணி உள்ள வருது, மோட்டார் போச்சு, 42 55 15 45. அண்ணனின் செய்தியை நான் என் கண்ணால் பார்த்தது அப்போதுதான்.

ஐம்பத்தைந்து விநாடி என்றால் அந்த நிமிடமே முடியப்போகிறது. புள்ளி ஐம்பத்தைந்து என்றால் பாதியைத்தான் தாண்டியிருக்கிறது. இரண்டும் ஒரே மாதிரி தெரிகிற எண், கடலில் இரண்டும் வேறு வேறு இடம். கணக்குப் போட்டுப் பார்க்கத் தேவையே இல்லை, இதைத்தானே தினமும் செய்கிறேன். ஏறக்குறைய முக்கால் கிலோமீட்டர் தள்ளி நின்றுகொண்டு ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறார் எங்கள் முசுடு.

"அண்ணி, இது செகண்டு இல்ல."

"என்ன?"

"அண்ணன் செகண்டா அனுப்பலை. எங்க கணக்குல அனுப்பியிருக்கான். புள்ளி அம்பத்தஞ்சு. இப்போ நீரோட்டம் தள்ளிப் புள்ளி அறுபத்தஞ்சு. அவன் மாத்தி அனுப்பினதை நீங்க மறுபடியும் மாத்திட்டீங்க."

"அவராவது மாத்தறதாவது!" கோபமே வந்துவிட்டது அண்ணிக்கு. "நீ தொண்டை கிழியக் கத்தினப்போ மாத்தினாரா? நான் கெஞ்சினப்போ மாத்தினாரா? அந்த மனுஷன் செகண்டு இல்லாம ஒரு நாள் எழுதினது கெடையாது. எனக்குத் தெரியாதா அவரை? படகைத் தப்பான பக்கம் அனுப்பிடாதடி. உன் கால்ல விழறேன்."

நான் உடைந்துபோனேன் என்பதை மறைப்பானேன். அண்ணி சொல்வதிலும் நியாயம் இருந்தது. அண்ணன் நிஜமாகவே உளறியிருந்தால், அவன் நாற்பத்திமூன்றைத் தாண்டி, படகு தேடுகிற இடத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறான். நான் நினைப்பது சரியென்றால் இந்தப் பக்கம் இருக்கிறான். இருப்பது ஒரே படகு. பனி விலகட்டும் என்று ஹெலிகாப்டர் தரையில் நின்றது. தப்பான பக்கம் அனுப்பினால் திரும்பி வர நேரம் இருக்காது.

ரேடியோவில் முசுடு கேட்டார். "அடுத்து எங்கே? ஓவர்."

"இருங்க கேப்டன்" என்றேன். அண்ணியின் முன்னால் குந்தி உட்கார்ந்தேன். "அண்ணி, இங்க பாருங்க. என்னைப் பாருங்க. எத்தனையோ பேரு புத்தி தடுமாறிப் பேசினதைக் கேட்டிருக்கேன். ஒருத்தன்கூடப் புதுசா எதையும் பேசினதில்லை. தன் தெருப் பேரைச் சொல்லுவான், அம்மாவைக் கூப்பிடுவான், வாழ்க்கை பூரா செஞ்ச வேலையைச் செய்வான். தடுமாறினா பழக்கத்துக்குத்தான் போவாங்க. அண்ணன் தடுமாறியிருந்தா செகண்டுலதான் அனுப்பியிருப்பான், அதுவும் ஒழுங்கா நாப்பத்திமூணு அஞ்சுன்னு. பழக்கத்தை விட்டுட்டு வேற விதமா எழுதறதுக்குப் புத்தி தெளிவா இருக்கணும்."

அண்ணி என்னைப் பார்த்தார். உதடு அசைந்தது. எண்களை வாய்க்குள் போட்டுப் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

"ரெண்டு தடவையும் அதே மாதிரிதான் எழுதியிருக்காரு" என்றார் மெதுவாக. "முதல்ல அம்பத்தஞ்சு, முப்பத்திமூணு செகண்டு. இப்போ அறுபத்தஞ்சு, முப்பத்தொன்பது செகண்டு. பதினஞ்சு புள்ளி அம்பது, சரியா முப்பது. எல்லாம் மீதி இல்லாம முழு செகண்டா வருது, கருவி காட்டுற மாதிரி." கண்ணில் தண்ணீர் கொட்டியது. "மீதி இல்லாம வருதுடி. உக்காந்து வகுத்திருக்காரு. அந்தத் தண்ணிக்குள்ள உக்காந்து வகுத்திருக்காரு."

"சொல்லட்டுமா?"

"சொல்லுடி! என்ன பாத்துக்கிட்டு நிக்கறே?"

மைக்கை எடுத்தேன். நாற்பத்திரண்டு புள்ளி அறுபத்தைந்து, பதினைந்து புள்ளி ஐம்பது. முசுடு உறுதி கேட்டார். "தேடுறதை விட்டுட்டுப் போகச் சொல்றீங்க. நல்லாத் தெரியுமா? ஓவர்."

"தெரியும்" என்று சொன்னது நான் இல்லை. அண்ணி என் கையோடு சேர்த்து மைக்கைப் பிடித்து இழுத்து அதில் சொன்னார். "நல்லாத் தெரியும்."

அதற்குப் பிறகு அறையில் ரேடியோவின் இரைச்சல் மட்டும்தான். அண்ணி என் கையை விடவில்லை. எனக்கு எலும்பு வலித்தது. வலிக்கட்டும் என்று இருந்தேன். அவன் சின்ன வயதில் என்னைத் தோளில் உட்காரவைத்துக் கடலுக்குள் நடந்துபோனதெல்லாம் ஞாபகம் வந்தது. சனியன், படகு வேண்டாம் படகு வேண்டாம் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேனே என்று அவனைத் திட்டினேன், அழுதேன், மறுபடியும் திட்டினேன்.

"ஆளு கெடைச்சாச்சு." முசுடுவின் குரல். "படகு மூழ்கிடுச்சு. காலித் தண்ணி கேனைக் கட்டிப் புடிச்சிக்கிட்டு இருக்காரு. மூச்சு இருக்கு. பேசறாரு. ஓவர்." பிறகு, அந்த மனிதர் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்காமலேயே ஒரு வார்த்தை கூடச் சொன்னார். "திட்டறாரு."

அண்ணி மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு வாய்விட்டு அழுதார்.

நிலையத்தின் முதலுதவி அறையில் அண்ணனைப் போர்வைகளுக்குள் சுருட்டி வைத்திருந்தார்கள். பல் கிட்டித்துப்போய், உதடு நீலமாக, தலைமுடி ஒட்டிக்கொண்டு, பார்க்கச் சகிக்கவில்லை. நர்ஸ் சூடாகக் குடிக்கக் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அண்ணி கோப்பையை அவன் வாயில் வைத்துப் பிடித்திருந்தார்.

"ஹாரன் சத்தம் கேட்டுச்சு" என்றான் அண்ணன். அண்ணியைப் பார்த்துச் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் நடுங்கி நடுங்கி வந்தது. "எங்கேயோ தள்ளிக் கேட்டுச்சு. நான் கத்தினது அவங்களுக்குக் கேக்கலை. சரி, நான்தான் தப்பா அனுப்பிட்டேன்னு நெனைச்சேன். நீ தப்புப் பண்ண மாட்டியே. மறுபடியும் கருவியைப் பாத்து, மறுபடியும் வகுத்து அனுப்பினேன். அப்புறம் போன் தண்ணில போயிடுச்சு."

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏண்ணா, நான் கரடியாக் கத்தினப்போ எல்லாம் கேக்காத மனுஷன், இன்னைக்குப் போய் எதுக்கு மாத்தினே?"

அவன் என்னைப் பார்க்கவில்லை. அண்ணியைப் பார்த்தான். "இவ பயந்துபோயிருப்பா. அந்தப் பயத்துல இவளை எதுக்குக் கணக்குப் போட வைக்கணும்? நானே போட்டு அனுப்பினா அப்படியே படிச்சுச் சொல்லிடுவா. அதான்."

நடந்ததைச் சொல்வதா வேண்டாமா என்று நான் யோசிப்பதற்குள் அண்ணி கோப்பையைக் கீழே வைத்தார்.

"நான் மறுபடியும் மாத்திட்டேங்க" என்றார். "செகண்டுன்னு நெனைச்சு மாத்திக் குடுத்துட்டேன். படகு அங்க சுத்தினதுக்கு நான்தான் காரணம். அவ்வளவு நேரம் நீங்க தண்ணில கெடந்ததுக்கும் நான்தான் காரணம்."

அண்ணன் அவரை நிமிர்ந்து பார்த்தான். கோபம் வரப்போகிறது என்று நினைத்தேன். வந்தால் நடுவில் புகுந்து சண்டை போடத் தயாராகக்கூட இருந்தேன்.

"இத்தனை வருஷமா என் வாயில செகண்டு செகண்டுன்னுதானே கேட்டிருக்கே" என்றான். "வேற என்ன நெனைப்பே."

"இனிமே நீங்க எதை எப்படி அனுப்பினாலும், நான் உங்களைக் கேக்காம ஒரு எண்ணைத் தொட மாட்டேன்."

"கேக்க முடியாத எடத்துல இருக்கும்போதுதானே அனுப்புறேன்" என்றான் அண்ணன்.

அண்ணி போர்வைக்குள் கையை விட்டு, மரத்துப்போன அவன் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தேய்த்துவிட ஆரம்பித்தார்.